கைப்பிடியில் சிவப்பு நூல்

நடுவர் அவர்களே, தாராவி, செம்பூர், முலுண்ட் என்று பல இடங்களிலிருந்து இந்த மாட்டுங்கா பொங்கல் விழாவுக்கு வந்திருக்கும் சொந்தங்களே, வணக்கம்.

"அயல்நாட்டில் சைவ உணவுக்கு மாறியவரைக் காப்பாற்றுவது மன உறுதியா, சுற்றியிருக்கும் மனிதர்களா?" இதுதான் தலைப்பு. மனிதர்களே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் காந்தியை எடுத்துக்காட்டினார். பதினெட்டு வயசுப் பையன், லண்டன் குளிர், அம்மாவுக்குக் கொடுத்த சத்தியம், அதைக் காத்த உறுதி. எல்லாரும் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் அண்ணன் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை நான் சொல்கிறேன்.

1888 செப்டம்பர் 4 அன்று இதே பம்பாயிலிருந்து அவர் கப்பலேறினார். சத்தியம் அவரை இறைச்சியைத் தொடவிடவில்லை, உண்மை. வயிற்றை நிரப்பியதா? கீரை, ரொட்டி, ஜாம், அவ்வளவுதான். தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாவின் மகள்கள் இன்னும் ஒரு துண்டு எடுத்துக்கொள் என்று வற்புறுத்துவார்களாம். முழு ரொட்டியே வேண்டும் என்று கேட்க இவருக்குக் கூச்சம். நகரத்தில் சைவ உணவகங்கள் உண்டு என்று சொன்னது யார் தெரியுமா? அதே வீட்டுக்கார அம்மா. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் தினமும் பத்துப் பன்னிரண்டு மைல் அலைந்து, ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டார். அங்கே ஹென்றி சால்ட் என்ற ஆங்கிலேயர் சைவத்தைப் பற்றி எழுதிய புத்தகம் விற்பனைக்கு இருந்தது. ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். இங்கிலாந்துக்கு வந்தபிறகு மனசார உண்ட முதல் சாப்பாடு அதுதான் என்று அவரே எழுதியிருக்கிறார்.

அதுவரைக்கும் அவர் சத்தியத்துக்காகச் சைவம். இந்தியர் எல்லாரும் இறைச்சி சாப்பிட வேண்டும், தானும் ஒருநாள் சாப்பிடலாம் என்றுகூட நினைத்திருந்தவர். அந்தப் புத்தகத்தைப் படித்தபிறகுதான் விரும்பிச் சைவம் ஆனார்.

இன்னொரு நாள் நண்பர் ஒருவர் ஹால்பர்ன் உணவகத்துக்குக் கூட்டிப்போனார். முதலில் சூப் வந்தது. இது காய்கறி சூப்பா என்று பணியாளரைக் கூப்பிட்டுக் கேட்டார். நண்பருக்கு ஒரே கோபம். காந்தி எழுந்து வெளியே வந்தார். பக்கத்துச் சைவக் கடையும் மூடியிருக்க, அன்று இரவு பட்டினி. உறுதியில் குறை உண்டா? இல்லை. அந்த மேசையில் அவருக்காகப் பேச ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அந்தச் சூப் எனக்கும் வந்தது, நடுவர் அவர்களே. நான் தாராவியில் வளர்ந்தவன், பூர்வீகம் திருநெல்வேலி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு மணக்காத வீடே எங்கள் சந்தில் கிடையாது. வேலைக்காக ஜப்பானில் நகோயாவுக்குப் போனேன். இரண்டாவது வருஷம் ஓர் அலுவலக விருந்தில் முழு மீனை வைத்தார்கள். சதையைச் சீவி அதன் மேலேயே அடுக்கியிருந்தது. மீனின் வாய் இன்னும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அங்கே அது பெரிய மரியாதை, நான் யாரையும் குறை சொல்லவில்லை. என்னால் கை வைக்க முடியவில்லை. அன்றோடு விட்டேன்.

சரி, உறுதி வந்துவிட்டது. அப்புறம்? இறைச்சி வேண்டாம் என்றால் மீன் வரும். மீனும் வேண்டாம் என்றால் காய்கறி போட்ட உடோன் நூடுல்ஸ் வரும். அதில் இருக்கும் தண்ணீரே மீன்தான். தாஷி என்பார்கள். நம் தூத்துக்குடி மாசிக்கருவாடு மாதிரி, சூரை இன மீனைப் புகையில் உலர்த்தி, சீவி, வெந்நீரில் போட்டு இறக்கும் சாறு. நம் குழம்புக்குப் புளித்தண்ணீர் எப்படியோ, அங்கே பாதிச் சமையலுக்கு அது அப்படி. மூன்று மாசம் வெறும் சோற்றிலும் வாழைப்பழத்திலும் ஓட்டினேன். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை.

கூட வேலை பார்த்தவர்தான் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்: இறைச்சி, மீன், மீன் தாஷி வேண்டாம். அதை ஸ்டேஷன் பக்கம் எட்டுப் பேர் உட்காரும் ஒரு கடையில் நீட்டினேன். கடைக்காரப் பாட்டி இரண்டு தடவை படித்துவிட்டு "ஷோஜின்" என்றார். புத்தக் கோயில்களின் மரக்கறிச் சமையலுக்கு அதுதான் பெயர். கோயில் சமையற்காரருக்கு என்றே தோகென் என்ற ஜென் துறவி 1237இல் அறிவுரை எழுதிய நாடு அது. நான் வேற்று ஆள் என்று ஒதுங்கி நின்றேன், அவரோ தன் பாட்டன் காலத்துச் சொல் ஒன்றில் என்னை உட்காரவைத்துவிட்டார்.

மறுநாள் போனேன். அங்கே கொம்பு என்று சொல்லும் உலர்ந்த கடற்பாசியை உள்ளங்கை நீளத்துக்கு எடுத்து, ஈரத்துணியால் லேசாகத் துடைத்து, உலர்ந்த காளான் இரண்டோடு ராத்திரியே ஊறப்போட்டிருந்தார். மேலே படிந்த வெள்ளைப் பொடியைக் கழுவக் கூடாதாம், ருசியே அதில்தானாம். எனக்கென்று தனியாக ஒரு சின்னப் பாத்திரம். மற்றதோடு மாறிவிடாமல் இருக்க அதன் கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருந்தார். அப்புறம் இரண்டு வருஷம் அந்த நூலை நம்பித்தான் சாப்பிட்டேன்.

அந்தக் கடையைத் தேடிப்போனது உன் உறுதிதானே என்று எதிரணி கேட்கும். போனது பசி. காகிதம் எழுதியவர் வேறு, பாத்திரம் வைத்தவர் வேறு. இங்கே மும்பையில் பாக்கெட்டைத் திருப்பிப் பச்சைப் புள்ளியைப் பார்த்ததும் கூடையில் போடுகிறோமே, அதற்கு யாருக்கு உறுதி வேண்டியிருக்கிறது? உள்ளே என்ன இருக்கிறது என்பதை நமக்காக யாரோ முன்னாலேயே பார்த்து வைத்திருக்கிறார்கள்.

மணி அடித்துவிட்டது, முடித்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் இன்றும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிதான். இன்னொரு அடுப்பில், சின்ன ஏனத்தில், எனக்குப் பருப்புக் குழம்பு கொதிக்கும். நான் கேட்கவே இல்லை, அந்தக் கடைக்காரப் பாட்டியின் கதையை நான் சொன்ன அன்றைக்கே அம்மா அந்த ஏனத்தின் கைப்பிடியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டார். தீர்ப்பு உங்கள் கையில், நடுவர் அவர்களே. வணக்கம்.