விலையைச் 'சீர்திருத்திய' தட்டுவடைக் கடை

வணக்கம் மக்களே. சேலம் கடைவீதிப் பக்கம் நிற்கிறேன், கையில் வழக்கம்போல் தட்டுவடை செட். பீட்ரூட் வேண்டாம், வெங்காயம் தூக்கலாக, உங்களுக்குத்தான் தெரியுமே. ஆனால் இன்றைக்குச் சாப்பாட்டு வீடியோ இல்லை, கடுப்பில் இருக்கிறேன். கடையில் ஒரு அட்டை தொங்குகிறது: 'விலை சீர்திருத்தம் செய்யப்பட்டுள்ளது.' 30 ரூபாய் செட் இப்போது 40. பழைய எண் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். ஓரம் பிரிந்து அந்த 3-இன் வயிறு எட்டிப் பார்க்கிறது. பத்து ரூபாய் ஏற்றுங்கள், எண்ணெய் விக்கிற விலை எனக்கும் தெரியும். அதற்கு எதற்குங்க சீர்திருத்தம்?

அது பெரிய இடத்துச் சொல். காலம் காலமாக நடந்துவரும் ஒன்று தப்பு என்று முடிவெடுத்து நேராக்குவதற்குத்தான் அது. நிலச் சீர்திருத்தம் என்கிறோம். புரோகிதர் இல்லாமல் நடந்த சீர்திருத்தத் திருமணம் செல்லுபடியாக, அண்ணா முதல்வரான 1967-இல் சட்டமே நிறைவேற்ற வேண்டியிருந்தது. நம்ம மாவட்டத்திலேயே பாருங்கள், ராஜாஜி ஆட்சியில் 1937 அக்டோபரில் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது இங்கேதான். பிடிக்கிறதோ இல்லையோ, அதைச் சீர்திருத்தம் என்றால் ஒத்துக்கொள்ளலாம். நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனதும் இதே சேலத்தில், 1944 மாநாட்டில். அவ்வளவு பெரிய சம்பவத்தையே 'பெயர் மாற்றம்' என்று சாதாரணமாகத்தான் சொல்கிறோம். பத்து ரூபாய்க்கு இந்த அலட்டல்!

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். அந்த அட்டையில் 'விலை' என்பதில் இருக்கும் 'லை' பழைய லை! யானைத் தும்பிக்கை மாதிரி முன்னால் வளைத்துப் போடுவோமே, அது. அரசாங்கம் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து அந்தத் தும்பிக்கையை எடுத்தாச்சு. எழுத்தைச் சீர்திருத்தாதவர் விலையைச் சீர்திருத்தியிருக்கிறார். 'விலை கூடியிருக்குன்னே எழுதலாமேண்ணா' என்றேன். 'அப்படி எழுதினா யார் தம்பி உள்ள வருவாங்க' என்கிறார். சரி, நியாயம்தான்.

இதில் அரசாங்கமும் சளைத்ததில்லை. பஸ் கட்டணம் 'மாற்றியமைப்பு' என்பார்கள். மாற்றியமைத்தது கீழே இறங்கி நான் பார்த்ததில்லை. 'சீரமைப்பு' மட்டும் எனக்குப் பிடிக்கும், ஏமாற்றாத சொல். மழையில் ஏற்காடு ரோட்டில் மண் சரிந்தால் சீரமைப்புப் பணி. உடைந்தது, சரி செய்கிறார்கள், அவ்வளவுதான். கோயில், குளம் என்றால் புனரமைப்பு.

'மாறுதல்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது, பட்டா மாறுதலுக்கு அலைந்த கதை பழைய வீடியோவில் இருக்கிறது. வாத்தியார் வீட்டில் அதே சொல்லைச் சொன்னால் 'எந்த ஊருக்கு?' என்பார்கள்.

ஆட்களைப் பற்றிப் பேசும்போதுதான் விஷயமே இருக்கிறது. ஒருவன் சீர்திருத்தம் அடைந்தான் என்று எந்த அம்மாவாவது சொல்வாரா? 'திருந்திட்டான்' என்பார், நிம்மதியாக. 'மாறிட்டான்' என்றால் அது புகார். கல்யாணத்துக்கு அப்புறம் மாறிட்டான், காசு வந்ததும் மாறிட்டான். 'ஆளே மாறிட்டீங்க' என்றால் மட்டும் பாதி பாராட்டு, பாதி தொப்பை. எங்கள் அத்தை மாமாவைப் பற்றி 'மாறவும் மாட்டார், திருந்தவும் மாட்டார்' என்று ஒரே மூச்சில் சொல்வார். இரண்டும் வேறு வேறு குற்றச்சாட்டு.

பேசிப் பேசித் தட்டுவடை நமத்துப் போச்சு. 40 ரூபாய்! நாளைக்கு ஒரு மாறுதலுக்கு ஏற்காடு, இருபது கொண்டை ஊசி வளைவும் பைக்கில். ஹெல்மெட் கேமரா சார்ஜ் போடணும், வரேன்.