டெண்டர் தாளில் ஏறி ஆபீஸ் போக முடியுமா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். புதிய புறநகர் ரயிலை உருவாக்குவது தயாரிப்பாளரா, விவரக்குறிப்பா என்பது தலைப்பு. விவரக்குறிப்பு என்றால், ரயில் வாங்குகிறவர் "எனக்கு இந்த அளவில், இப்படி வேண்டும்" என்று டெண்டர் தாளில் எழுதிக் கொடுப்பது. நான் விவரக்குறிப்பின் பக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர் ரயில் கம்பெனிகளைப் புகழ்ந்து முடித்துவிட்டு, எங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: "டெண்டர் தாளில் ஏறி யாராவது ஆபீஸ் போக முடியுமா?" நீங்களும் பலமாகக் கை தட்டினீர்கள். சரி, அதற்குப் பதில் சொல்லாமல் நான் இறங்குவதாக இல்லை.

ஸ்பெயினுக்கு வாருங்கள். வடக்கே அஸ்தூரியாஸ், கந்தாப்ரியா என்று இரண்டு மலைப் பிரதேசங்கள். பழைய மீட்டர் கேஜ் பாதை, வழியெல்லாம் அந்தக் காலத்துச் சுரங்கங்கள். 2020இல் அரசு ரயில் நிறுவனமான ரென்ஃபே, காஃப் என்ற கம்பெனியிடம் 31 ரயில்கள் கேட்டது. விலை 25 கோடியே 80 லட்சம் யூரோ. காஃப் பல நாடுகளுக்கு ரயில் விற்கிற கம்பெனி. அதன் பொறியாளர்கள் தாளை விரித்து வடிவமைக்க உட்கார்ந்தார்கள். பார்த்தால், அதில் எழுதிய அளவுக்கு ரயில் செய்தால் சுரங்கத்துக்குள் நுழையாது!

புதுக் கட்டில் வாங்கி வருகிறோம், வாசலில் நுழையவில்லை. சாய்த்துப் பார்ப்போம், காலைக் கழற்றிப் பார்ப்போம். ரயிலை எப்படிச் சாய்ப்பது? எந்தக் காலைக் கழற்றுவது?

பணம் இருக்கிறது, தொழிற்சாலை இருக்கிறது, பயணி பிளாட்பாரத்தில் நிற்கிறார். ரயில் மட்டும் வரவில்லை. 2021இல் தெரிந்த விஷயம் 2023 பிப்ரவரியில் ஊர் முழுக்க வெடித்தது. ரென்ஃபே தலைவர் பதவி விலகினார். போக்குவரத்துத் துறையின் அரசுச் செயலாளரும் விலகினார். புது ரயில் தாமதமானதால், அந்தப் பகுதிப் புறநகர்ப் பயணிகளுக்கு இலவசப் பயணம் என்று அரசு அறிவித்தது. கடைசியில் எதை வைத்து அளவை முடிவு செய்தார்கள் தெரியுமா? அதே பாதையில் ஏற்கெனவே ஓடுகிற பழைய ரயிலை வைத்து!

தோழரே, தாளில் ஏறி ஆபீஸ் போக முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாள் தப்பானால் ஏறுவதற்கு ரயிலே இருக்காது.

"தப்பைக் கண்டுபிடித்ததே கம்பெனிதானே" என்று அங்கிருந்து குரல் வருகிறது. ஆமாம், அதற்கு அவர்களுக்கு நன்றி. ஆனால் புது அளவு முடிவாகும்வரை அவர்களால் ஒரு பெட்டியாவது செய்ய முடிந்ததா?

ஸ்பெயின் தூரம் என்றால் பெரம்பூருக்கு வாருங்கள். மும்பையின் முதல் ஏசி லோக்கல் நம் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃபில் பிறந்தது. 2016இல் அங்கே போய்ச் சேர்ந்தால், மத்திய ரயில்வேயில் வெள்ளைக்காரன் காலத்துப் பாலங்கள் தாழ்வு, ரயிலோ உயரம். மேற்கு ரயில்வேக்கு மாற்றி, 2017 டிசம்பர் 25 அன்றுதான் ஓட்டினார்கள். அப்புறம் உயரத்தைக் குறைத்துக் கேட்டார்கள். அதே ஐசிஎஃப் செய்து கொடுத்தது. 2020 ஜனவரியில் மத்திய ரயில்வேயிலும் ஏசி லோக்கல் வந்துவிட்டது.

அளவு இருக்கட்டும் நடுவர் அவர்களே, கதவுக்கு வருகிறேன். மும்பை லோக்கலில் கூட்ட நேரத்தில் ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் நிற்கிறார்கள். ஏசி இல்லாத சாதா ரயிலில் கதவு திறந்தே கிடக்கும். 2025 ஜூன் 9, மும்ப்ரா அருகே வளைவில் இரண்டு ரயில்கள் கடக்கும்போது வாசலில் தொங்கியவர்கள் விழுந்தார்கள். உயிர்கள் போயின. பிறகுதான் ரயில்வே அறிவித்தது: சாதா ரயிலுக்கும் தானாக மூடும் கதவு, கதவில் காற்று புகும் இடுக்குகள், கூரையிலிருந்து காற்றைத் தள்ளும் கருவி, பெட்டிக்குப் பெட்டி நடந்து போக வழி.

இந்த நான்கு வரிகளை முன்பே எழுதியிருக்கக் கூடாதா? தானாக மூடும் கதவு செய்யத் தெரிந்த தயாரிப்பாளரா இல்லை? மெட்ரோவுக்குச் செய்து தருகிறார்களே! யாரும் கேட்கவில்லை, அதனால் வரவில்லை.

காலையில் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்து, "பார்த்துப் போப்பா" என்று அனுப்புகிறாள் ஓர் அம்மா. அவளுக்கு எந்தக் கம்பெனி என்று தெரியாது, எந்த மோட்டார் என்று தெரியாது. பிள்ளை சாயங்காலம் வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான். டெண்டர் எழுதுகிற அதிகாரி அந்த அம்மாவை நினைத்து எழுதட்டும். அவளுக்காகவாவது தீர்ப்பை எங்கள் பக்கம் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.