கையெழுத்துக்குப் போன பத்து நாள்

தலைவர் அவர்களே, பேராசிரியைகளே, முன்வரிசையில் சீருடையோடு உட்கார்ந்திருக்கும் செவிலியர் கல்லூரிப் பிள்ளைகளே, வணக்கம்.

அழைப்பிதழில் எனக்குப் போட்டிருக்கும் தலைப்பு 'கருக்கலைப்பு: சரியா, தவறா?' பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கிறது. அணிக்கு மூன்று பேர் பேசி, நடுவர் தீர்ப்புச் சொன்னதும் எல்லாரும் சாப்பிடப் போய்விடலாம். முப்பது வருடம் பிரசவ வார்டில் நின்றவள் நான். அங்கே யாரும் இந்தக் கேள்வியோடு வந்ததில்லை. "சிஸ்டர், நாள் தள்ளிப்போச்சு" என்றுதான் வருவார்கள். மூன்று பிள்ளை பெற்றவளும் அதைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வாள்.

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. 27 வயதுப் பெண். இரண்டு குழந்தைகள், சின்னது இன்னும் பால் குடிக்கிறது. அதனால் மாதவிலக்கு வராததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பால் கொடுக்கும்போது தங்காது என்று நம் ஊரிலும் நம்புகிறோமே! தெரிந்து நீதிமன்றத்துக்கு வந்தபோது சட்டம் தரும் 24 வாரம் தாண்டிவிட்டது. போன பிரசவத்துக்குப் பிறகு வந்த மனநோய்க்கு வேறு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 9-ஆம் தேதி இரண்டு பெண் நீதிபதிகள் அனுமதி கொடுத்தார்கள். மறுநாளே டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் ஒருவர் கேட்டு எழுதினார்: இந்தக் கரு வெளியே வந்தால் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது, இதயத் துடிப்பை நிறுத்திவிட்டு எடுக்கச் சொல்கிறீர்களா? அந்தக் கேள்வியில் அமர்வு இரண்டாகப் பிரிந்தது. தன் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்றார் நீதிபதி ஹிமா கோலி. அந்தப் பெண் தீர்மானமாக இருக்கிறாள், அதை மதிக்க வேண்டும் என்றார் நீதிபதி நாகரத்னா. அக்டோபர் 16-ஆம் தேதி, தலைமை நீதிபதி சந்திரசூட் அடங்கிய மூவர் அமர்வு அனுமதி மறுத்தது. அப்போது 26 வாரம் 5 நாள். பிரசவச் செலவு அரசுடையது, விரும்பினால் தத்துக் கொடுக்கலாம் என்றார்கள்.

அந்த மருத்துவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. 26 வாரத்தில் பிறந்த குழந்தையை நான் கையில் ஏந்தியிருக்கிறேன். முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். தோலுக்கு அடியில் நரம்பு ஓடுவது தெரியும். அதைப் பார்த்தவர்கள் 'வெறும் சதை' என்று சொல்ல மாட்டார்கள். ஆறு வாரத்தில் வெளியே வந்ததையும் பார்த்திருக்கிறேன். அதைக் குழந்தை என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. வெள்ளைக்காரன் 1860-இல் எழுதிய தண்டனைச் சட்டமே இந்த வித்தியாசத்தை வைத்திருந்தது: கலைத்தால் மூன்று வருடம் வரை, வயிற்றில் அசைவு தெரிந்த பிறகு கலைத்தால் ஏழு வருடம் வரை. கோடு எங்கே என்று கேட்டால் எனக்குப் போடத் தெரியாது. வாரம் ஏற ஏறக் கருவின் பக்கம் கனம் கூடுகிறது, அவ்வளவுதான் என் கட்சி.

அப்படியானால், கருவின் மேல் இரக்கம் இருக்கிறது என்பவர்கள் முதலில் யாரோடு சண்டை போட வேண்டும்? அந்தப் பெண்ணோடு இல்லை. அவளை இழுத்தடிக்கிறவர்களோடு.

என் கதையையே சொல்கிறேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். 1971 கருக்கலைப்புச் சட்டம் திருத்தப்படாமல் இருந்த காலம். 12 வாரம் வரை ஒரு மருத்துவர் போதும், அதற்கு மேல் 20 வரை இரண்டு பேர் ஒத்துக்கொள்ள வேண்டும். 11 வாரத்தில் ஒருத்தி வந்தாள். "வீட்டுக்காரர் கையெழுத்து வாங்கிட்டு வாம்மா" என்று திருப்பி அனுப்பினோம். சொன்ன வாய் என்னுடையது. வீட்டுக்காரர் திருப்பூர் பனியன் கம்பெனியில். ஆர்டர் நேரம், லீவு கிடையாது. அவர் வந்து சேரப் பத்து நாள். 12 தாண்டிவிட்டது. இரண்டாவது மருத்துவர் வியாழக்கிழமைதான் வருவார். அரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டியது, டிரிப் ஏற்றி வலி வரவழைத்து, ராத்திரி முழுக்க ஒரு பிரசவம் மாதிரி ஆனது. விடியற்காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கே பண்ணியிருக்கலாமே அக்கா" என்றாள்.

சட்டம் அந்தக் கையெழுத்தைக் கேட்கவே இல்லை. 1971 சட்டத்தில் 18 வயது நிறைந்த, மனநிலை சரியாக உள்ள பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். நாங்களாகத்தான் கேட்டோம், பின்னால் தகராறு வரக்கூடாதே என்று. அந்தச் சட்டத்தின் சுபாவமே அப்படி. எனக்கு வேண்டாம் என்று அவள் சொன்னால் மட்டும் அதில் போதாது. மருத்துவர் நல்லெண்ணத்தோடு காரணம் இருக்கிறது என்று கருத வேண்டும். அவளுக்கு உரிமை கொடுத்ததை விட, டாக்டர் ஜெயிலுக்குப் போகாமல் குடை பிடித்ததுதான் அதிகம். 2021-இல் ஒரு மருத்துவர் போதும் என்பதை 20 வாரம் வரை நீட்டினார்கள். சில வகைப் பெண்களுக்கு, இரண்டு பேர் கருத்தோடு, 24 வரை. மணமாகாதவர்களையும் அதில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று 2022 செப்டம்பர் 29-இல் தீர்ப்பு வந்தது. நல்லதுதான். தீர்ப்பு வார்டு வாசலுக்கு வந்து சேரத்தான் நாளாகிறது.

உடனே ஒரு கேள்வி வரும், எல்லாக் கூட்டத்திலும் வருகிறது: "அவள் முடிவு என்றால், பெண் குழந்தை என்று தெரிந்து கலைப்பதும் அவள் முடிவுதானே?" உசிலம்பட்டியில் பெண் சிசுக்களைக் கொன்றதையும், அப்படிக் கொல்லாமல் விட்டுப்போகட்டும் என்று சேலத்தில் 1992-இல் அரசு தொட்டில் வைத்ததையும் பார்த்த நாடு இது; சுலபமாகத் தட்டிவிட முடியாத கேள்வி. ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்தவளைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும், பேசுவது மாமியார், தலையாட்டுவது அவள். 1994-இல் வந்த பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்துக்கும் அது தெரியும். வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை, கணவனோ உறவினரோ அவளை அந்தச் சோதனைக்குக் கட்டாயப்படுத்தினார்கள் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. பிடிக்க வேண்டிய இடம் ஸ்கேன் அறை. அதைப் பிடிக்கிறோம் என்று சொல்லி, 8 வாரத்தில் வருகிறவளை அலைய விடுவதும் நடக்கிறது. அலைந்தவள் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, ரத்தப்போக்கோடு நம்மிடமே வருவாள்.

பிள்ளைகளே, சம்மதத்துக்கு இருப்பது படிவம் சி. அடுத்த வருடம் அதை நீங்கள்தான் நிரப்பப் போகிறீர்கள். யாராவது "புருஷன் கையெழுத்து எங்கே?" என்று கேட்டால், படிவத்தை அவர்கள் கையில் கொடுத்து, அதற்கான கட்டம் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.