ஏறாத இருபத்து மூன்று மணி நேரம்

அனைவருக்கும் வணக்கம்.

அமைப்பாளர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘ஈவன்டிங் குதிரைக்கும் ரைடருக்கும் ஒரு பயிற்சி நாள்’. எத்தனை மணிக்கு எழ வேண்டும், எத்தனை தடை தாண்ட வேண்டும் என்று நான் அட்டவணை போடுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அட்டவணை உண்டு. ஆனால் அதில் தாண்டுவது கொஞ்சம்தான், நடப்பதும் தொட்டுப் பார்ப்பதும்தான் அதிகம். ஏமாற்றமாக இருந்தால் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகளுக்குத் துணையாக வந்திருக்கும் பெற்றோருக்காக விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரே குதிரை, ஒரே ரைடர், மூன்று சோதனைகள். முதலில் டிரெஸ்ஸாஜ்: பெரிய போட்டிகளில் 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலமுள்ள அரங்கில், சொன்ன இடத்தில் சொன்ன நடையை அமைதியாகச் செய்து காட்ட வேண்டும். அடுத்தது கிராஸ் கன்ட்ரி: திறந்த வெளியில் மரக்கட்டை, பள்ளம், தண்ணீர், மேடு எல்லாவற்றையும் வேகமாகத் தாண்டிப் போக வேண்டும். ஷோ ஜம்பிங்கில், தொட்டாலே விழுந்துவிடும் கட்டைகளைத் தட்டாமல் தாண்ட வேண்டும். கிராஸ் கன்ட்ரியில் குதிரை ஒருமுறை தாண்ட மறுத்தால் 20 தண்டப் புள்ளி, ஷோ ஜம்பிங்கில் ஒரு கட்டை விழுந்தால் 4. குறைந்த புள்ளி எடுத்தவருக்கே பரிசு.

ராணுவக் குதிரைகளைச் சோதிக்கப் பிறந்த போட்டி இது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது ராணுவ அதிகாரிகள் மட்டுமே கலந்துகொள்ள முடியும். பெண்களுக்கு ஒலிம்பிக் ஈவன்டிங்கில் கதவு திறந்தது 1964 டோக்கியோவில். அதே டோக்கியோவில் 2021இல் நடந்த ஒலிம்பிக்கில்தான் ஜெர்மனியின் ஜூலியா கிரயெவ்ஸ்கி தனிநபர் தங்கத்தை வென்ற முதல் பெண் ஆனார். இங்கே முன்வரிசையில் பெண் பிள்ளைகள் நிறைய இருப்பதால் சொன்னேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘ஏறாமல் கெட்டது குதிரை, கேளாமல் கெட்டது கடன்’ என்பார்கள். கடனைப் பற்றி நான் பேச வரவில்லை. குதிரையைப் பொறுத்தவரை, நான் பார்த்த இடங்களில் ஏறாமல் கெட்டதைவிட ஏறிக் கெட்டதுதான் அதிகம். நன்றாகத் தாண்டுகிறதே என்று இன்னும் ஒரு சுற்று, மூச்சு வாங்கவில்லையே என்று இன்னும் ஒரு கேலப் (பாய்ச்சல் ஓட்டம்), போட்டி நெருங்குகிறதே என்று ஓய்வு நாளிலும் சவாரி. இப்படித்தான் கெடுகின்றன.

இதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. பயிற்சி தொடங்கினால் குதிரையின் இதயமும் தசையும் சில வாரங்களிலேயே பலப்பட்டுவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். அதனால் கால் தயாராவதற்கு வெகுமுன்பே குதிரை ‘நான் தயார்’ என்று சொல்லத் தொடங்கிவிடும். முன்னங்கால் முட்டிக்குக் கீழே தசை என்று எதுவும் கிடையாது. எலும்பு, அதன் பின்னால் தசைநாண், மேலே தோல், அவ்வளவுதான். கேலப் போகும்போது அந்தத் தசைநாண் கிட்டத்தட்ட அறுந்துபோகும் எல்லை வரை இழுபடுகிறது. அதன் நடுப்பகுதியில் 45 டிகிரி வரை சூடு ஏறுவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒருமுறை நைந்துவிட்டால் ஆறுவதற்கே பல மாதம் போய்விடும், ஆறினாலும் பழைய தசைநாண் திரும்ப வராது.

ஆகவே பயிற்சி நாள் சேணத்தில் தொடங்குவதில்லை, லாயத்தில் தொடங்குகிறது. காலையில் உள்ளே போனதும் தீனித்தொட்டியைப் பாருங்கள். இரவுத் தீனி மிச்சம் இருக்கிறதா? தண்ணீர் குறைந்திருக்கிறதா? இலத்தி வழக்கமான அளவில் இருக்கிறதா? அப்புறம் கால். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் சும்மா ஒரு தடவு தடவிவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

குதிரையின் தோள் பக்கம், அதன் வாலைப் பார்த்தபடி நின்று குனியுங்கள். உள்ளங்கையை முட்டிக்குப் பின்னால் வைத்து மெதுவாகக் கீழே இறக்குங்கள். பின்பக்கத் தசைநாண் இறுகிய கயிறாகக் கைக்குத் தட்டுப்பட வேண்டும். ஓரம் தெளிவாக, வழவழப்பாக இருக்க வேண்டும். எங்கேயாவது புடைப்பு, கொழகொழப்பு, சூடு இருக்கிறதா? உடனே அடுத்த காலில் அதே இடத்தைத் தொடுங்கள். ஒரு காலை மட்டும் தொட்டுவிட்டுச் சூடாக இருக்கிறது என்று முடிவுக்கு வராதீர்கள். இரண்டு காலும் ஒரே சூடு என்றால் அது பெரும்பாலும் வானிலை. ஒன்று மட்டும் சூடு என்றால் அது செய்தி. கீழே கணுவின் பக்கவாட்டில் விரலை வைத்தால் குளம்புக்குப் போகும் நாடி தெரியும். நலமான காலில் அது தேடினால்தான் கிடைக்கும். தேடாமலே குத்துகிறதென்றால் குளம்பில் ஏதோ பிரச்சினை, லாடக்காரரையோ மருத்துவரையோ கூப்பிடுங்கள்.

பிறகு கெட்டியான சமதரையில் நேர்கோட்டில் டிராட், அதாவது மெல்லோட்டம், ஓட்டிப் பார்க்க வேண்டும். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையைத் தொடும்போது தலை மேலே போகும். நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். பார்த்துப் பழகினால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். பழகாதவர்கள் தாழும் பக்கத்துக் காலில்தான் வலி என்று தலைகீழாகச் சொல்வார்கள்.

தீனி விஷயத்தில் ஒரு பழைய நம்பிக்கையை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறேன். வெறும் வயிற்றில் ஏறினால்தான் நல்லது என்பது சரியல்ல. குதிரையின் இரைப்பை உடம்பளவுக்கு மிகச் சிறியது; சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அதில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். காலி வயிற்றோடு ஓடினால் அமிலம் மேல்பகுதியில் தெறித்துப் புண்ணாக்கும். தானியத் தீனியைச் சில மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். ஏறுவதற்குச் சற்று முன்பு ஒரு பிடி உலர்புல் கொடுங்கள்.

இனி ஏறலாம். முதல் பத்து நிமிடம் நடை, லகான் தளர்வாக. அதன் பிறகு டிரெஸ்ஸாஜ் வேலை. ‘நான் கிராஸ் கன்ட்ரிக்காக வந்தேன், இந்த வட்டம் சுற்றுவது எதற்கு’ என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. ஷோ ஜம்பிங் சுற்று ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குதிரை காற்றில் இருக்கும் நேரத்தை எல்லாம் கூட்டினால் சில நொடிகள்தான் வரும். மிச்சமெல்லாம் தரையில் கேண்டர் என்ற நிதானமான தாவலோட்டம்: திருப்பம், நேர்கோடு, சுருக்கம், நீட்டல். அதுதானே டிரெஸ்ஸாஜ்? தடைக்கு முன்னால் குதிரை வேகத்தை ஏற்றிக்கொண்டு ஓடினால், கோளாறு தடையில் இல்லை. அதற்கு முந்தைய திருப்பத்தில் இருக்கிறது.

என்னைக் கேட்டால், இந்த நேரத்தில் பார்க்க வேண்டியது அழகான கழுத்து வளைவை அல்ல, நடை மாற்றத்தை. வாக் எனும் சாதாரண நடையிலிருந்து டிராட், டிராட்டிலிருந்து கேண்டர், திரும்பவும் டிராட். கேட்டவுடன் வருகிறதா, கையைப் பிடித்து இழுக்காமல் வருகிறதா? இதை இடப்பக்கமும் வலப்பக்கமும் செய்து பார்த்தால் ஒரு பக்கம் இலகுவாகவும் இன்னொரு பக்கம் முரண்டாகவும் இருக்கும். குதிரையைக் குறை சொல்லும் முன்பு உங்கள் அங்கவடி இரண்டையும் பாருங்கள். பாதி நேரம் கோணலாக உட்கார்ந்திருப்பது நாம்தான்.

தாண்டும் பயிற்சிக்கு நான் சிபாரிசு செய்வது கிரிட். தரையில் 1.3 மீட்டர் இடைவெளியில் டிராட் கட்டைகள் சில, அப்புறம் 2.7 மீட்டரில் ஒரு சின்னக் குறுக்குக் கட்டை, அதிலிருந்து ஒரு தாவல் தூரத்தில் நேர்த்தடை. குதிரையின் அளவைப் பார்த்து இடைவெளியைக் கூட்டிக் குறைக்கலாம். எடுத்தவுடனே எல்லாத் தடையையும் வைக்காமல் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். உயரம் தேவையில்லை. கிரிட்டின் நன்மை என்னவென்றால், எங்கே எழும்புவது என்பதைக் கட்டைகளே குதிரைக்குச் சொல்லிவிடும். ரைடர் வாயை மூடிக்கொண்டு, பிடரியை ஒட்டிக் கையை விட்டுக்கொடுத்து, சும்மா இருக்கலாம். சும்மா இருப்பதுதான் கஷ்டம். ஒரு காலத்தில் தடை தாண்டும்போது ரைடர்கள் பின்னால் சாய்ந்து லகானை இழுத்துப் பிடிப்பார்கள். அது குதிரையின் வாய்க்கும் முதுகுக்கும் தண்டனை என்று காட்டி, முன்னால் சாய்ந்து குதிரையோடு போகும் இருக்கையைக் கொண்டுவந்தவர் ஃபெடெரிகோ காப்ரில்லி என்ற இத்தாலிய ராணுவ அதிகாரி. 1907இல் அவர் இறந்துவிட்டார். இன்று உலகம் முழுவதும் தடை தாண்டும் ரைடர்கள் அவர் வழியில்தான் உட்காருகிறார்கள்.

குதிரையின் கண்ணையும் நினைவில் வையுங்கள். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாம் தெரியும், ஆனால் நெற்றிக்கு நேர் முன்னால் அருகில் இருப்பது தெரியாது. எழும்பும் கணத்தில் தடை அந்த மறைவில் போய்விடுகிறது. அதனால்தான் தூரத்திலிருந்தே நேராகக் காட்ட வேண்டும். சிவப்பையும் பச்சையையும் அது பிரித்தறியாது. பிரிட்டனின் தடைதாண்டும் பந்தயங்களில் ஆரஞ்சு நிற அடிக்கட்டைகளை வெள்ளையாக மாற்றத் தொடங்கியதற்கு இதுதான் காரணம்.

ஒருமுறை கிரிட்டை நேராக, நிதானமாகத் தாண்டியதா? இறங்கிவிடுங்கள். ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்பதுதான் பயிற்சி மைதானத்தில் அதிக விலை கொடுக்க வைக்கும் பேச்சு.

ஒரு சீட்டு வந்திருக்கிறது. ‘என் குதிரை தண்ணீரைக் கண்டால் நின்றுவிடுகிறது, என்ன செய்வது?’ நல்ல கேள்வி. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்று நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். குதிரையின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள்: ஆழம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது, மேலே இருக்கும் ஆளை நம்பித்தான் இறங்க வேண்டும். போட்டியில் ரைடர்தான் முன்பே நடந்து போய் ஒவ்வொரு தடையையும் பார்க்கிறார். குதிரை அதை முதல்முறை பார்ப்பதே ஓட்டத்தில்தான். அந்த நம்பிக்கையை அடித்து வாங்க முடியாது. அடிமண் கெட்டியான, ஆழமில்லாத இடமாகப் பாருங்கள். பழகிய குதிரை ஒன்றை முன்னால் விட்டு, பின்னாலேயே நடையில் போங்கள். நிற்கட்டும், மோந்து பார்க்கட்டும், காலால் தட்டட்டும். திரும்பி ஓட மட்டும் விடாதீர்கள். உள்ளே இறங்கியதும் தட்டிக்கொடுத்து அங்கேயே நடக்க விடுங்கள். அன்றைக்கு அது போதும், தாண்டி இறங்குவதெல்லாம் இன்னொரு நாள்.

கேலப் நாள் தனி. அதைத் தினமும் வைப்பதில்லை. நான்கைந்து நாளுக்கு ஒருமுறை போதும். இடைவெளிப் பயிற்சி என்ற முறை. அமெரிக்க அணிக்குப் பயிற்சியாளராக இருந்த பிரெஞ்சுக்காரர் ஜாக் லு காஃப் இதை ஈவன்டிங்கில் பரப்பியவர்களில் ஒருவர். உதாரணத்துக்கு, நிமிடத்துக்கு 400 மீட்டர் வேகத்தில் ஐந்து நிமிடம் கேண்டர், மூன்று நிமிடம் நடை. அப்படி மூன்று முறை. இது ஓரளவு பலப்பட்ட குதிரைக்கு; புதியதற்கு இரண்டு இரண்டு நிமிடமாகத் தொடங்குங்கள். கடிகாரம் கட்டாயம். கேண்டரிலும் கேலப்பிலும் குதிரை ஒரு தாவலுக்கு ஒரு மூச்சுதான் விடும், அதுவும் மூக்கால் மட்டும். அதனால் தாளம் குலையாமல் போவது வெறும் அழகுக்காக அல்ல, மூச்சுக்காக.

முடிந்ததும் நாடியைப் பாருங்கள். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும். முழு வேகத்தில் 200ஐத் தாண்டும். பத்து, பதினைந்து நிமிடத்தில் 64க்குக் கீழே வந்துவிட்டால் கொடுத்த வேலை அளவானது. சூடான உடம்பில் குளிர்ந்த நீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று பெரியவர்கள் பயந்தார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் வெயிலுக்காக நடந்த ஆய்வுகள் அந்தப் பயத்தைப் போக்கிவிட்டன. உடம்பு முழுக்க விடாமல் ஊற்றுங்கள், குடிக்கவும் கொடுங்கள். வியர்வையோடு உப்பும் ஏராளமாகப் போகும் என்பதால் தீனியில் உப்புச் சேருங்கள்.

ரைடருக்கும் பயிற்சி உண்டு என்பதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கிராஸ் கன்ட்ரியின் கடைசி இரண்டு நிமிடத்தில் களைத்துப் போய்ச் சேணத்தில் தொப்பென்று உட்காரும் ரைடர், குதிரைக்குக் கூடுதல் சுமை. குதிரை இல்லாமல் ஓடுங்கள். விழுந்து அடி வாங்கிய தலைக்கவசத்தை, விரிசல் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். விலை பார்க்காதீர்கள்.

மதியத்துக்கு மேல் குதிரைக்கு மேய்ச்சல்வெளி, கூடவே இன்னொரு குதிரை. அதையும் பயிற்சி என்றே நான் கணக்கு வைக்கிறேன். நியூசிலாந்தின் மார்க் டாட் 1984இலும் 1988இலும் கரிஸ்மா என்ற ஒரே குதிரையில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். ஜெர்மனியின் மிகேல் யுங் 2012இலும் 2016இலும் சாம் என்ற குதிரையில் அதையே செய்தார். இரண்டாவது தங்கத்தின்போது இரண்டு குதிரைக்குமே வயது 16. அந்த வயது வரை கால் நிற்க வேண்டுமென்றால், தினமும் யாரோ ஒருவர் ‘இன்றைக்கு இவ்வளவு போதும்’ என்று சொல்லியிருக்க வேண்டும்.

மாலையில் மறுபடியும் கால், குளம்பு, லாடம். நாடியையும் உடல் வெப்பத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எண் வழக்கத்தைவிட உயர்ந்தால் மறுநாள் திட்டம் ரத்து. போட்டி நெருங்கிவிட்டதே, பணம் கட்டியாயிற்றே என்று மனசு அடித்துக்கொள்ளும். பணம் போனால் போகட்டும்.

பத்து நிமிடத்தில் வெளியே மைதானத்தில் கிரிட் போட்டுக் காட்டப் போகிறார்கள். புதுக் குதிரை, நாலு வயது. கம்பிக்குப் பக்கத்தில் வந்து நிற்பவர்கள் தயவுசெய்து குடையை மடித்துவிட்டு வாருங்கள்.