அடிக்கு முன்பே வந்த காதல்

அவையோருக்கு வணக்கம்.

பெண்ணைப் பெண் காதலிக்கும் கதை எதையாவது திரையில் பார்த்துவிட்டு வந்தால், அதிலும் அந்தப் பெண் புருஷனிடம் அடிபட்டவளாக இருந்துவிட்டால், ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். "பாவம், அவன் அப்படி அடிச்சா அவ என்னதான் பண்ணுவா? ஒரு பொம்பளைகிட்டதான் ஆறுதல் தேடுவா." சொல்கிறவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அந்தப் பேச்சு அவளுடைய காதலை அவளிடமிருந்து பறித்து, அதையும் அடித்தவன் கணக்கிலேயே எழுதிவிடுகிறது. அவள் பிழைத்ததுகூட அவன் செயலின் விளைவாகிவிடுகிறது. இதை மறுக்கத்தான் இன்று வந்திருக்கிறேன். அதற்காக நான் எடுத்துக்கொண்டிருப்பது 'தி கலர் பர்ப்பிள்'.

ஆலிஸ் வாக்கர் 1982-இல் எழுதிய நாவல் அது. மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. புனைவுக்கான அந்தப் பரிசை வாங்கிய முதல் கருப்பினப் பெண் அவர். 1985-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் அதைப் படமாக்கினார். 11 ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தன, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கதை நடப்பது அமெரிக்காவின் தெற்கே ஜார்ஜியா மாநிலத்துக் கிராமப்புறத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில். வாக்கர் பிறந்து வளர்ந்ததும் அதே ஜார்ஜியாதான்.

சீலிக்குப் பதினான்கு வயது. அப்பா என்று அவள் நம்பியிருக்கும் ஆளே அவளைக் கெடுக்கிறான். இரண்டு பிள்ளைகள் பிறக்கின்றன, இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். பிறகு, மனைவியை இழந்து பிள்ளைகளோடு நிற்கும் ஆல்பர்ட் என்பவனுக்கு அவளைத் தள்ளிவிடுகிறான். ஆல்பர்ட் கேட்டது தங்கை நெட்டியை. கிடைத்தது சீலி. அந்த ஆத்திரமும் அவள் மேல்தான் இறங்குகிறது. வீடு கூட்ட, வயலில் உழைக்க, அவன் பிள்ளைகளை வளர்க்க, இரவில் அவனுக்குப் படுக்க. அடி தனி. நெட்டி தப்பி வந்து அக்காவோடு தங்குகிறாள். ஆல்பர்ட் அவளிடமும் கைநீட்டப் பார்க்கிறான், அவள் மறுக்கிறாள், அவளை விரட்டிவிடுகிறான். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவளிடமிருந்து கடிதமே வருவதில்லை.

சீலி தன் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. 'மிஸ்டர்' என்பதோடு நிறுத்திக்கொள்வாள். புருஷன் பெயரை வாயால் சொல்லாத பெண்களை நம் பாட்டிமார் தலைமுறையில் நாமும் பார்த்திருக்கிறோம், ஆகவே இது நமக்குப் புரியாத விஷயமல்ல. அந்த வீட்டுக்கு ஒருத்தி வருகிறாள். ஷுக் ஏவரி. பாடகி, ஊரே பழித்துப் பேசும் பெண், ஆல்பர்ட்டின் பழைய காதலி. நோயில் துவண்டுபோய் வந்து சேர்கிறாள். வந்ததும் அவள் அவனை "ஆல்பர்ட்" என்று கூப்பிடுகிறாள். சீலி நடுங்கும் ஆளுக்கு ஒரு சாதாரணப் பெயர் இருக்கிறது, அதை ஒரு பெண் சாதாரணமாகச் சொல்லவும் முடியும். சீலி அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

இங்கே நாவலில் இருக்கும் ஒரு செய்தியை நீங்கள் கவனிக்க வேண்டும். ஷுக்கின் புகைப்படத்தைச் சீலி முதலில் பார்ப்பது தன் கல்யாணத்துக்கு முன்னால். இரவெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆல்பர்ட்டின் முதல் அடி அவள் மேல் விழுமுன்பே ஷுக் அவள் மனதுக்குள் வந்தாகிவிட்டது. பிறகு நோயாளியாக வந்தவளைக் குளிப்பாட்டும்போது, அது தனக்குப் பிரார்த்தனை செய்வதுபோல இருந்ததாகச் சீலி எழுதுகிறாள். அவள் கடிதம் எழுதுவது கடவுளுக்கு. வேறு யாரும் கேட்க இல்லாததால் கடவுளுக்கு எழுதிக்கொண்டிருந்தவள், பிரார்த்தனை என்று உணர்ந்தது இந்தப் பெண்ணின் உடம்பைத் தொட்டபோதுதான்.

ஷுக் அப்படியொன்றும் தேவதை அல்ல. படத்தில் சீலியைப் பார்த்ததும் அவள் சொல்லும் முதல் சொல்லே "அசிங்கமாக இருக்கிறாய்" என்பது. ஆனால் உடம்பு தேறியபின், ஆல்பர்ட்டின் மகன் ஹார்ப்போவின் சாராயக் கூடத்தில் எல்லார் முன்னாலும் சீலிக்கென்று ஒரு பாட்டுப் பாடுகிறாள். சீலியாக நடித்த வூப்பி கோல்ட்பர்க்குக்கு அது முதல் பெரிய படம். அந்தக் காட்சியில் அவர் முகத்தைப் பாருங்கள். சிரிப்பு வருகிறது, கை உடனே வாயை மூடப் போகிறது. அடிபட்ட பெண் தன் மகிழ்ச்சியையே குற்றம்போல மறைக்கிறாள் என்பதை ஒரு வார்த்தை இல்லாமல் காட்டிவிடுகிறார். பிறகு ஷுக் தன் உடையை அவளுக்கு உடுத்தி, கண்ணாடி முன் நிறுத்தி, அந்தக் கையை விலக்கச் சொல்கிறாள். ஷுக் ஊரைவிட்டுக் கிளம்பப் போகிறாள் என்று தெரிந்ததும் சீலி அதைச் சொல்லிவிடுகிறாள்: நீ இல்லாதபோது அவன் என்னை அடிக்கிறான். ஏன் அடிக்கிறான்? நான் நீயாக இல்லாததால்.

வாழ்நாளில் முதல்முறையாக ஒரு மனித உயிரிடம் அவள் வாய்விட்டுச் சொல்வது அது. நாவலில் ஷுக், உன்னை அடிக்க வேண்டும் என்ற நினைப்பே அவனுக்கு இல்லாமல் போகும்வரை நான் போகமாட்டேன் என்கிறாள். ஆறுதல் வார்த்தையோடு நிற்கவில்லை, இருந்து காவல் காக்கிறாள்.

சோஃபியாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஓப்ரா வின்ஃப்ரே நடித்த பாத்திரம். ஹார்ப்போவின் மனைவி, யாருக்கும் பணியாதவள். அவளை எப்படி அடக்குவது என்று ஹார்ப்போ கேட்கிறான். சீலி சொல்கிறாள்: "அடி." இந்தக் கதையிலேயே என்னை அதிகமாக உலுக்கும் இடம் இதுதான். அடி வாங்கி வாங்கி, குடும்பம் என்றால் அது அடியால் நடப்பது என்று அவளே கற்றுக்கொண்டிருக்கிறாள். 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. இத்தனை காலம் அதை யார் யாருக்குச் சொல்லிவந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பெண், இன்னொரு பெண்ணுக்கு. சோஃபியா வயலைக் கடந்து நேரே சீலியிடம் வந்து கேட்கிறாள்: என்னை அடிக்கச் சொன்னது நீயா? வாழ்நாள் முழுக்கச் சண்டைபோட்டே வந்தவள் நான், என் சொந்த வீட்டிலும் சண்டைபோட வேண்டும் என்று நினைக்கவில்லை என்கிறாள். அவளை அடித்து நொறுக்குவது கடைசியில் புருஷன் அல்ல. மேயர் மனைவிக்கு வேலைக்காரியாக மாட்டேன் என்று மறுத்ததற்காக வெள்ளையர்களின் கும்பலும் சிறையும்தான் அவளை முடக்குகின்றன. கருப்பின ஆண்களை மட்டும் கொடியவர்களாகக் காட்டிவிட்டது என்று அன்று இந்தப் படத்துக்கு எதிராக மறியல் நடந்தது. அந்தக் கோபத்தின் நியாயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கதை ஆல்பர்ட்டின் அப்பனிடமிருந்து ஆல்பர்ட்டுக்கும், ஆல்பர்ட்டிடமிருந்து ஹார்ப்போவுக்கும் கைமாறி வரும் வன்முறையைக் காட்டுகிறது. அதற்கு மேலே நிற்கும் வெள்ளை அதிகாரத்தையும் காட்டுகிறது.

ஒருநாள் ஷுக் கையில் நெட்டியின் கடிதம் ஒன்று சிக்குகிறது. நெட்டி எழுதிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். எல்லாவற்றையும் ஆல்பர்ட் ஒளித்து வைத்திருக்கிறான். அடியைத் தாங்கியவளுக்கு இது தாங்கவில்லை. அவனுக்குச் சவரம் செய்யக் கத்தியைத் தீட்டுகிறாள், அவன் கழுத்தருகே கொண்டுபோகிறாள், ஷுக் ஓடிவந்து தடுக்கிறாள். நாவலில் இதற்குப் பின் நடப்பதுதான் எனக்கு முக்கியம். உட்கார்ந்து கால்சட்டை தைப்போம் என்கிறாள் ஷுக். சவரக்கத்தி பிடித்த கைக்கு ஊசி வருகிறது. மெம்ஃபிஸ் நகரில் ஷுக்கின் வீட்டில் அந்தத் தையலே தொழிலாக வளர்கிறது. தங்க இடம், கைத்தொழில், அதில் வரும் காசு. அடிக்கும் வீட்டைவிட்டு வெளியேற ஒரு பெண்ணுக்கு வேண்டியவை இவைதான், குடும்ப வன்முறை குறித்து வேலை செய்யும் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். சீலிக்கு இவற்றை முதலில் தந்தது ஷுக்கின் காதல். சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் ஆல்பர்ட்டைச் சபித்துவிட்டு, ஏழை, கருப்பி, அழகில்லாதவள்கூட, ஆனாலும் நான் இருக்கிறேன் என்று சொல்லிக் கிளம்புகிறாளே, அந்தத் தைரியம் வந்த வழி இது.

இந்த வழியைத்தான் ஸ்பீல்பெர்க்கின் படம் பாதி மூடிவிட்டது. படத்தில் அவர்கள் காதல் சில முத்தங்கள், தோளில் ஒரு கை, அவ்வளவுதான். பிறகு கேமரா விலகிப் போய்விடுகிறது. நாவலில் அவர்கள் வருடக்கணக்காகச் சேர்ந்து வாழும் காதலர்கள். பின்னாளில் ஒரு பேட்டியில் ஸ்பீல்பெர்க்கே, அந்த விஷயத்தில் தான் தயங்கிவிட்டதாகவும் அதை ஒரு முத்தமாகக் குறைத்துவிட்டதாகவும் ஒப்புக்கொண்டார். படத்துக்குக் கிடைத்த சான்று பிஜி-13, அதாவது பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் கவனமாக இருக்க வேண்டும் என்பது. அந்தச் சான்றுக்குள் ஒரு சிறுமி கெடுக்கப்பட்டதற்கு இடம் இருந்தது, அடிக்கு இடம் இருந்தது, ரத்தத்துக்கும் இடம் இருந்தது. இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் விரும்புவதற்குத்தான் தயக்கம் வந்தது.

அந்த வெற்றிடத்தில் படம் எதை வைத்தது என்பது இன்னும் வருத்தம் தருகிறது. ஷுக்குக்கு மதபோதகரான ஓர் அப்பாவைப் படம் சேர்த்தது. மகள் பாடிக்கொண்டே கூட்டத்தோடு தேவாலயத்துக்குள் போய் அவரைக் கட்டிக்கொள்கிறாள். பாட்டு அற்புதம், எனக்கும் கண் கலங்கும். ஆனால் அந்த நிமிடத்தில் ஷுக் மன்னிப்புப் பெற வந்த மகளாகிவிடுகிறாள். நாவலின் ஷுக் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நிற்பவள் அல்ல. கடவுள் வெள்ளைக்காரக் கிழவர் அல்ல என்று சீலிக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். வாக்கர் தான் எழுதி, படத்தில் பயன்படாமல் போன திரைக்கதையை 1996-இல் தன் நூலொன்றில் வெளியிட்டார். 2023-இல் பிளிட்ஸ் பசாவுலே இசைப்படமாக எடுத்தபோது முத்தமும் ஒரே படுக்கையில் விடியும் காலையும் திரைக்கு வந்தன. கொஞ்சம் மேல், ஆனால் போதாது.

இன்னொரு படத்தையும் சொல்லிவிடுகிறேன். 1991-இல் வந்த 'ஃப்ரைட் கிரீன் டொமேட்டோஸ்'. இதுவும் தெற்குதான், அலபாமா. ரூத் என்ற பெண்ணுக்கும் இட்ஜிக்கும் நடுவே நேசம் வளர்வது ரூத்தின் கல்யாணத்துக்கு முன். கல்யாணமான பின் புருஷன் அடிக்கிறான். ஒருநாள் இட்ஜிக்கு ரூத்திடமிருந்து தபால் வருகிறது. உள்ளே விவிலியத்தின் ரூத் ஆகமத்திலிருந்து கிழித்த ஒரு தாள். "நீர் போகும் இடத்திற்கு நானும் வருவேன், நீர் தங்கும் இடத்திலே நானும் தங்குவேன்." நம் ஊர்த் தேவாலயங்களிலும் வாசிக்கக் கேட்ட வசனம். ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொன்னது அது. இட்ஜி ஆட்களோடு போய், கர்ப்பமாக இருக்கும் ரூத்தை அழைத்து வருகிறாள். புருஷன் ரூத்தைப் படியிலிருந்து உதைத்துத் தள்ளுகிறான். அவள் எழுந்து போகிறாள். இருவரும் சேர்ந்து உணவகம் நடத்துகிறார்கள், பிள்ளையை வளர்க்கிறார்கள். இந்தப் படமும் காதல் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எது முதலில் வந்தது என்பதை மறைக்கவில்லை.

முதலில் சொன்ன அந்தப் பேச்சுக்கு வாக்கர் நாவலின் முடிவிலேயே பதில் வைத்திருக்கிறார். படத்தில் அது இல்லை. ஆல்பர்ட் மாறுகிறான். உண்மையாகவே மாறுகிறான். தன் வீட்டைத் தானே கூட்டுகிறான், சீலியோடு உட்கார்ந்து தைக்கிறான், இருவரும் ஷுக்கைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள், ஏனென்றால் இருவருமே அவளை நேசித்தவர்கள். அடி நின்று பல காலம் ஆகிவிட்டது. அப்போது அவன் கேட்கிறான், மறுபடி கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று. அடியால்தான் அவள் பெண்ணிடம் போனாள் என்றால், இப்போது அவள் சம்மதிக்க வேண்டும். சீலி மாட்டேன் என்கிறாள், நண்பர்களாக இருப்போம் என்கிறாள். ஷுக் திரும்பி வருகிறாள், சீலியின் சொந்த வீட்டுக்கு.

நன்றி, வணக்கம்.