காய்ந்த புல்லும் விக்குன்யாவின் வயிறும்

நேயர்களுக்கு வணக்கம். மாட்டுக்கு வைக்கோல் போட்டுப் பழகியவர்களுக்குக் காய்ந்த தாளில் சத்துக் குறைவு என்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் உயர்நிலங்களில், 3,200 மீட்டருக்கும் மேலே வாழும் விக்குன்யா என்னும் காட்டு ஒட்டக இனத்துக்கு, மழையற்ற மாதங்களில் பெரும்பாலும் வாய்ப்பது 'இச்சு' போன்ற முரட்டுப் புற்களே. அவற்றில் நார் மிகுதி, புரதம் சொற்பம்.

விக்குன்யாவும் அசை போடும் விலங்குதான். ஆனால் அதன் வயிற்றில் மாட்டுக்கு இருப்பதுபோல் நான்கு அறைகள் இல்லை, மூன்றே உண்டு. இவ்வினத்தின் வயிற்றில் நார்த் தீவனம் நெடுநேரம் தங்குவதால் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்க அவகாசம் கிடைக்கிறது. உடலில் உண்டாகும் யூரியா முழுவதும் சிறுநீரில் வீணாகாமல், ஒரு பகுதி இரத்தத்தின் வழியாகவும் உமிழ்நீரின் வழியாகவும் முதல் அறைக்குத் திரும்ப, நுண்ணுயிர்கள் அதைக்கொண்டு புரதம் ஆக்கிக்கொள்கின்றன. நல்ல புல்லைத் தேடிப் பெறுவதைவிட, கிடைத்த புல்லை விடாமல் பிழிந்தெடுப்பதே இதன் வலிமை என்பது என் கருத்து. முரட்டுப் புல் பல்லைத் தேய்க்குமே என்று நீங்கள் கேட்கலாம்; விக்குன்யாவின் கீழ் வெட்டுப்பற்கள் எலியின் பற்களைப் போலத் தொடர்ந்து வளர்பவை.

இவற்றில் பலவும் விக்குன்யாவின் உறவினங்களான லாமா, அல்பாக்கா ஆகிய வளர்ப்பினங்களில் அளந்து அறியப்பட்டவை. அவற்றைத் தொழுவத்தில் கட்டி, தின்றதையும் கழித்ததையும் எடைபோட்டு, இடையில் உடலில் சேர்ந்ததைக் கணக்கிடலாம். காட்டு விலங்கிடம் அது எளிதன்று. ஆகவே புழுக்கையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. (இந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு, நான் எடுக்காமல் இருந்ததில்லை.) விக்குன்யாக்கள் கண்ட இடத்தில் கழிப்பதில்லை, தமக்கென வைத்திருக்கும் பொதுக் குவியல்களுக்கு வந்து, முகர்ந்து பார்த்து, அங்கேயே கழிக்கின்றன. அந்தப் புழுக்கையை உலர்த்திப் பொடித்து நுண்ணோக்கியில் வைத்தால், செரிக்காமல் எஞ்சிய இலைத்தோல் துணுக்குகளின் அமைப்பைக்கொண்டு எந்தப் புல் தின்னப்பட்டது என்று அடையாளம் காணலாம். ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும்: நன்றாகச் செரிக்கும் மென்புல் தடயமின்றிப் போய்விடும், முரட்டுப் புல்லே மிகுந்து தெரியும். எண்ணிக்கையை அப்படியே உணவின் பங்காகக் கொள்வது தவறு. மீண்டும் சொல்கிறேன், புழுக்கையில் காண்பது தின்றதன் மிச்சம் மட்டுமே. அக்குவியல்களைச் சுற்றி மண் வளம்பெற்றுப் புல் தழைப்பதும் உண்டு.

விக்குன்யாவின் உறவான இன்னொரு காட்டினம் குவனாக்கோவைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. தென்னமெரிக்காவின் தென்பகுதியான பட்டகோனியாவில் வாழும் அது புல்லோடு புதரையும் மரத்தழையையும் தின்னும். அக்கண்டத்தின் தென்கோடித் தீவான தியெரா தெல் ஃபுவேகோவில் லெங்கா என்னும் மரக்கன்றுகளைக் கடிப்பதால் வனத்துறையினரின் புகாருக்கும் ஆளாகியிருக்கிறது. நன்றி, வணக்கம்.