என்ட இசைக்கு எனக்கே கொப்பிரைட்டா?! திருகோணமலைத் திமிங்கிலம் சொல்லித் தந்த பாடம்

(திரையில்: உப்புவெளிக் கடற்கரை, விடியப்புறம். கரைவலைக் கயிறு ஈரத்தோட மணலில கிடக்குது.)

என்ட வீடு, என்ட கீபோர்ட், என்ட விரல். ராத்திரி முழுக்க இருந்து போட்ட இசை. அதை என்ட வீடியோவில சேர்த்து ஏத்தினா, பத்து நிமிசத்தில நோட்டீஸ் வருது: "இந்த இசை வேற ஒருத்தருக்குச் சொந்தம்." ஆரப்பா அந்த வேற ஒருத்தர்?

வணக்கம் மக்களே, திருகோணமலையில இருந்து! பிழை என்னிலதான். எல்லாம் நானே வாசிச்சிட்டு, கடைசியில ஆசைக்கு ஒரு இலவச உடுக்கு லூப்பை, ஆரோ பதிஞ்சு வச்ச, திரும்பத் திரும்ப ஓடுற துண்டை, உள்ள வச்சிட்டன். அதே லூப்பை முந்தியே ஆரோ தன்ட பாட்டில போட்டு, பாட்டைப் பதிஞ்சும் வச்சிருக்கிறார். ஒப்பிட்டுப் பாக்கிற மெஷினுக்கு என்ட உடுக்கும் அவர்ட உடுக்கும் ஒண்டுதான். அதால, முழுக்க உங்கட எண்டு சொல்லவேணுமெண்டா அடியையும் நீங்களே அடிச்சுப் பதியுங்க. வாளியில தட்டினாலும் காரியமில்ல.

சட்டம் ஒரே மூச்சில: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி நீங்க ஆக்கின இசைக்கு உரிமை உங்களுக்கு, உங்கட ஆயுசுக்கும் அதுக்குப் பிறகு 70 வருசத்துக்கும். முடிஞ்சுது, வாங்க கடற்கரைக்கு.

நான் எடுத்தது ஒரு நிமிச வீடியோ, கரைவலை இழுக்கிறது. வலையை உழவு மெஷினால இழுக்கிற பழக்கமும் வந்திட்டுது. நான் போனண்டு மெஷின் பழுது, எனக்கு அதிர்ஷ்டம். கையாலேயே இழுத்தாங்க. சரியா 32ஆவது செக்கனில மடி, மீன் சேர்ற வலைப் பை, கரைக்கு வந்து மீன் துள்ளுது. இசை அந்த இடத்தில "டம்" எண்டு விழவேணும். அவ்வளவுதான் என்ட ஆசை.

நான் என்ன செஞ்சன்? நிமிசத்துக்கு 100 அடி வேகத்தில நல்ல மெட்டொண்டைப் போட்டிட்டுப் படத்துக்கு மேல வச்சன். 32 செக்கனில 53 அடியும் மூண்டில ஒண்டும் வருது. மீன் ஒரு பக்கம் துள்ளுது, மேளம் இன்னொரு பக்கம் விழுது. கலியாண வீட்டில தாலி கட்டி முடிஞ்ச பிறகு கெட்டிமேளம் கொட்டின மாதிரி!

அதால கணக்கைத் திருப்பிப் போடுங்க. முதல்ல படத்தில முக்கியமான செக்கனைக் குறியுங்க. பிறகு அந்தச் செக்கனில தாளம் முடியிற மாதிரி வேகத்தைத் தேடுங்க. 90 எண்டு வச்சா 32 செக்கனுக்கு 48 அடி. ஆதிதாளம் ஒரு சுத்துக்கு, அதாவது ஒரு ஆவர்த்தனத்துக்கு, எட்டு அடி, ஆக ஆறு ஆவர்த்தனம் முடிஞ்சு ஏழாவதின் முதல் அடி மீனில விழும். மெட்டு அதுக்குப் பிறகுதான்.

மெட்டுக்கு நான் பூபாளம் எடுத்தன். ச, ரி, க, ப, த எண்டு அஞ்சே சுரம், விடியற்காலை ராகம், படமும் விடியல். இன்னொரு காரணமும் இருக்கு. சம்பந்தர் எங்கட கோணேசருக்குப் பாடின பதிகத்தின்ட பண், அதாவது பழைய தமிழ் ராகம், புறநீர்மை. அதை இப்ப பூபாளத்திலதான் பாடுறாங்க. ஊர் ராகம் எண்டு நான் சொந்தம் கொண்டாடுறன், கோவிக்காதீங்க.

(திரையில்: கோணேசர் கோயில் இருக்கிற சுவாமிமலை உச்சியில இருந்து கடல்.)

இப்ப வீடியோவின்ட உண்மையான ஆளுக்கு வருவம். இந்த மலையில நிண்டா, காலம் சரியா இருந்தா, நீலத்திமிங்கிலம் மூச்சு விடுறது தெரியும். 1980களில இந்தக் கடலிலதான் அதுட குரலைப் பதிவு செஞ்சாங்க. வேற கடல்களில சில நீலத்திமிங்கிலங்கள் 20 ஹேர்ட்ஸுக்கும் (செக்கனுக்கு 20 அதிர்வுக்கும்) கீழ பாடும், மனிசக் காதுக்கு எட்டாது. எங்கட கடல் திமிங்கிலமோ பாட்டின்ட கடைசியில கிட்டத்தட்ட 100 ஹேர்ட்ஸில ஒரே சுரத்தை இருபது செக்கனுக்கு மேல பிடிக்குது! கீபோர்ட்டில கீழ் ஜி எண்டது 98. அஞ்சு கட்டையில, அதாவது ஜியைச் சட்சமா ("ச") வச்சுப் பாடுற அக்காமார்ட சட்சத்துக்கு ஒரு ஸ்தாயி கீழ. உலகத்திலேயே பெரிய மிருகம், ஏறக்குறைய அஞ்சு கட்டைச் சுருதி. எனக்கு ரெண்டு நாள் நித்திரையே இல்ல.

உடனே சட்சத்தை ஜியில வச்சு, அடியில 98 ஹேர்ட்ஸ் சுருதியை நீட்டிவிட்டன். ஹெட்போனில கேட்டா மயிர் கூச்செறியுது. போனில போட்டா ஒண்டுமே இல்ல! திமிங்கிலத்தையே காணேல்ல. போன் ஸ்பீக்கர் நகத்தளவு, அவ்வளவு தாழ்ந்த சத்தத்தைத் தள்ள அதால ஏலாது. எங்கட வீடியோவை ஆர் ஹெட்போனில பாக்கிறாங்க? பஸ்ஸில பாக்கிறாங்க, அதுவும் பக்கத்து சீட்டுக்கும் கேக்கிற மாதிரி.

ஆனா ஒரு விசயம் யோசிச்சுப் பாருங்க. பழைய லேண்ட்லைனில அப்பா கதைச்சா அவர்ட கட்டைக் குரல் கட்டைக் குரலாத்தானே கேட்டது? அந்த லைன் 300இல இருந்து 3400 ஹேர்ட்ஸ் வரைக்கும்தான் கடத்தும். ஆம்பிளைக் குரலின்ட அடிச்சுரம் 100, 120 அளவில. அது லைனில வரவே இல்ல! வந்தது அதுட மடங்குகள் மட்டும்: 300, 400, 500. இடைவெளி நூறு நூறா இருக்கிறதைப் பிடிச்சு, "அப்ப இது 100தான்" எண்டு மூளை தானே நிரப்பிக்கொள்ளுது. இல்லாத சத்தத்தை நாங்க கேட்டிருக்கிறம், வருசக்கணக்கா!

அதே வித்தைதான். அடிச்சுரத்துக்குக் கொஞ்சம் சாச்சுரேஷன் போட்டு, சத்தத்தைக் கொஞ்சம் கரகரப்பாக்கினா மேல் மடங்குகள் பிறக்கும். போனில திமிங்கிலம் திரும்ப வந்திட்டுது. இதை நம்பாதாக்கள் கீழ எழுதுங்க, நான் சண்டைக்கு ரெடி.

குரல் பேசுற இடத்தில இசையைக் குறைச்சு, 2000, 3000 ஹேர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் வெட்டிவிடுங்க, சொல் விளங்கும்.

"அண்ணா, என்னட்ட கருவி இல்ல" எண்டு எழுதிறாக்களுக்கு: அந்தா, இந்த மலையில தெரியிற பிளவு, இராவணன் வெட்டு. இராவணன் தன்ட தலையையும் நரம்பையும் எடுத்து வீணை செஞ்சு பாடினார் எண்டு கதை. உங்களிட்ட போனாவது இருக்கு.

(திரையில்: வலைக்குச் சொந்தக்காரர், சம்மாட்டி ஐயா, தோணியில சாஞ்சு போன் பாக்கிறார்.)

முடிச்ச வீடியோவைச் சம்மாட்டி ஐயாட்டக் காட்டினன். ரெண்டு தரம் பாத்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நாங்க இவ்வளவு அவசரமா இழுக்கிறேல்ல."

"அப்ப எப்பிடி ஐயா?"

அவர் தொடையில தட்டி, வலை இழுக்கேக்க பாடுற அம்பாப் பாட்டைப் பாடத் தொடங்கினார். ஒருத்தர் எடுக்க, மற்றாக்கள் "ஏலேலோ" சொல்ற அந்த இடத்திலதான் கயிறு இழுபடும். நான் களவா ஸ்டொப்வொட்சை அமத்தினன். நிமிசத்துக்கு 75 அடி.

வீட்ட வந்து கணக்குப் பாத்தன். 75இல 32 செக்கனுக்கு 40 அடி, சரியா அஞ்சு ஆவர்த்தனம். நான் படமெடுத்தது செக்கனுக்கு 25 பிரேமில. 90இல ஒரு அடிக்கு 16 பிரேமும் சொச்சமும் எண்டு இழுபட்டது, 75இல முழுசா 20 பிரேம்.

எல்லாத்தையும் அழிச்சுப் போட்டுத் திரும்ப வாசிச்சன். இந்தா, போடுறன். 32ஆவது செக்கனைப் பாருங்க.